வர்றேன்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஆள் வந்தால்
உள்ளே எத்தனை பேரோ அத்தனை பேரும்
தனித்தனியே சொல்ல வேண்டும்: வாங்க.
பால் பொங்கினாலும், காய்ச்சலில் கிடந்தாலும்.
ஒரு வாய் குறைந்தால் போதும்,
அடுத்த கல்யாணம் வரை அதுதான் பேச்சு.

சாத்தப்பன் சொன்னதில்லை.
ஒன்பது வயது.

பள்ளத்தூரில் படைப்பு.
எழுபது பங்காளிகள் வளவுக்குள் நுழைய
காதைப் பொத்திக்கொண்டு
தூணுக்கும் தூணுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.
"பிள்ளைக்கு ஒரு வாங்க பழக்கலையா, கோதை?"
பிடரியில் கை வைத்து அழுத்தினேன்.
சொல்லு. சொல்லுடா.
விரலுக்கடியில் அவன் நரம்பு
பிடிபட்ட முயல்போல அடித்தது.
சொல்லவில்லை.
கையை எடுத்துவிட்டேன்.
கைக்கு இன்னும் அது மறக்கவில்லை.

புதன்தோறும் காரைக்குடியில் பயிற்சி.
டீச்சர் முக அட்டைகளைப் பரப்பிக் கேட்பார்:
"இதுல யாருக்கு வருத்தம்?"
"பதினொண்ணு."
நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
பிறகுதான் கவனித்தோம்,
அட்டை மூலையில் பொடி எழுத்தில் எண் இருந்தது.
பதினொன்றாம் முகம்
அழுதுகொண்டுதான் இருந்தது.

"பேசும்போது கண்ணைப் பாரு."
"கேக்குறது காதுதானே."
சுவரிடம் சொன்னான்.

"சாப்பிட்டாச்சா?" என்பார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு.
"எந்த வேளை?" என்பான்.
"அப்புறம் தம்பி?" என்பார்கள்.
"அப்புறம் வியாழக்கிழமை."
எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.
அவன் மட்டும் வாய் வாயாகப் பார்ப்பான்,
விழுந்த சில்லறையைத் தேடுகிறவன் மாதிரி.

பிறகு அந்த ஞாயிறு.
என் நாத்தனார் சோலை வந்தாள்,
செக்காலை வீட்டுக்கு, ஒரு டப்பா சீப்புச்சீடையோடு.
பஸ்ஸில் நின்றே வந்த அலுப்பு, அவள் ஒன்றும் பேசவில்லை.
அவனிடம் எதுவும் கேட்கவில்லை.
சோபாக் கையில் சீடைகளை வரிசையாக அடுக்கினான்.
அவள் அந்தக் கோடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றாள்.
இந்தக் கோடியில் ஒன்றை வைத்தான்.
அவள் எடுக்க, அவன் வைக்க,
இருபது நிமிஷம்.
அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன்,
மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்று.

நாலு பத்துக்குச் செருப்பு மாட்டினாள்.
"வர்றேன் சாத்து."

கிளம்பும் வாயால் போறேன் என்று சொல்லமாட்டோம்.
அபசகுனம்.
துக்க வீட்டில் மட்டும்தான்
ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம்.

ஐந்து மணிக்கு கேட்டருகே நின்றான்.
விளையாட்டு என்று நினைத்தேன்.
ஏழு மணிக்கு தோசையோடு போனேன், வாய் திறக்கவில்லை.
கொசு கடித்துக் காலெல்லாம் தடிப்பு.
திறந்த கதவு பொறுக்காத பிள்ளை,
எங்கே கண்டாலும் தாழ் போடுகிறவன்,
அன்றைக்குத் தாழ்மேல் கையை வைத்தபடியே நின்றான்,
போடவில்லை.

"யாருக்குடா நிக்கிறே?"
"வர்றேன்னாங்க."

"அது சும்மா சொல்றது சாத்து."
"சும்மான்னா?"

ஒன்பதரை மணி. தெருவிளக்கு.
அவனுக்கு மனிதர்கள் தேவையில்லை என்று
எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்,
அவர்களில் எத்தனை பேர்
வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

போனில் சோலை முதலில் சிரித்தாள்.
அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அடுத்த ஞாயிறு ரெண்டு பத்துக்கு ஆட்டோ வந்து நின்றது.
சாத்தப்பன் தாழை எடுத்தான்.
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
முன்சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான்:
"நூத்தி அறுபத்தாறு மணி நேரம்."

சோலை என்னைப் பார்த்தாள்.
நான் எதையும் விளக்கவில்லை.
"லேட்டாயிருச்சு" என்றாள் அவனிடமே.

"ஆமா" என்றான்.

உள்ளே போனான்,
கேட்டைத் திறந்தே போட்டுவிட்டு.